60 லட்சம் 42 லட்சமான பிறகு

2025 ஜனவரியில் எங்கள் அட்டைப்பெட்டி யூனிட்டின் ஓடி (ஓவர்டிராஃப்ட்) லிமிட்டை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ள அனுமதித்த அளவை, வங்கி 60 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைத்தது. கணக்கில் அப்போது நின்ற பாக்கி 51 லட்சம். புதிதாக ஒரு ரூபாய்கூட எடுக்காமலேயே, அனுமதிக்கு மேல் 9 லட்சம் எடுத்து வைத்திருப்பவர்கள் ஆகிவிட்டோம்.

பேப்பரில் அதன் பெயர் கேஷ் கிரெடிட். சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடாகக் காட்டி எடுப்பது. பேச்சில் எல்லாருக்கும் அது ஓடிதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு வந்தாலே தொழில் செய்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்த 18 லட்சத்துக்கு வேற எங்க போனீங்க?" அவசரத்துக்குச் சொந்த டெபாசிட்டைத் தொட்டதைத் தவிர எங்கேயும் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். கணக்கும் வரும்.

முதலில், ஏன் குறைத்தார்கள். மேனேஜர் சண்டைக்காரர் இல்லை. எங்கள் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "மேடம், நீங்க கொடுத்த ப்ரொஜெக்‌ஷன் 3 கோடி. வந்திருக்கிற சேல்ஸ் 2 கோடி 10 லட்சம். நான் மேலே என்ன எழுதி அனுப்பறது?" என்றார். சிறு தொழில்களுக்கு 5 கோடி வரையிலான நடைமுறை மூலதன லிமிட்டைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1991-ல் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி சொன்னது. ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறைச் செலவுக்குத் தேவை, அதில் 5 சதவீதத்தை முதலாளி போட வேண்டும், குறைந்தது 20 சதவீதத்தை வங்கி தர வேண்டும். 3 கோடிக்கு 20 சதவீதம் 60 லட்சம். 2 கோடி 10 லட்சத்துக்கு 42 லட்சம். ஒரு பெரிய வாடிக்கையாளர் தன் பேக்கிங்கை அட்டையிலிருந்து ஷ்ரிங்க் ஃபிலிமுக்கு மாற்றிக்கொண்டார், எங்கள் விற்பனை இறங்கியது, லிமிட் அதன் பின்னாலேயே இறங்கியது. அவ்வளவுதான். என் மேல் யாருக்கும் கோபம் இல்லை என்பது ஒரு விதத்தில் ஆறுதல், இன்னொரு விதத்தில் எரிச்சல். கோபம் என்றால் சமாதானம் பேசலாம், சூத்திரத்திடம் என்ன பேசுவது?

மற்றவர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். பேலன்ஸ் ஷீட் தாமதம், ரேட்டிங் இறக்கம், ஈடாகக் கொடுத்த இடத்தின் மறுமதிப்பீடு, எடுக்காமலேயே சும்மா கிடக்கும் லிமிட், வேறு கடனில் தவறிய தவணை. எதுவாக இருந்தாலும் வாயால் சொன்னதோடு விடாமல் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணம் தெரியாமல் அடுத்த புதுப்பித்தலுக்குத் தயாராக முடியாது.

அப்புறம், பலர் நினைப்பது போல இது ஒப்பந்த மீறல் இல்லை. சாங்ஷன் லெட்டரை, அதாவது கடன் அனுமதிக் கடிதத்தை, எடுத்துப் பாருங்கள்: கேட்கும்போது திருப்பித் தர வேண்டிய கடன் என்று எங்காவது ஒரு வரி இருக்கும். ஓடி பிறந்ததே அப்படித்தான். 1728-ல் எடின்பரோவில் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஒரு வியாபாரிக்கு, கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுண்ட் கூடுதலாக எடுத்துக்கொள்ள அனுமதித்ததைத்தான் முதல் ஓவர்டிராஃப்ட் என்று சொல்கிறார்கள். சரக்கை விற்றவருக்கும் பணம் உடனே வராது, வாங்கிய இடத்தில் கொடுத்தாக வேண்டும், நடுவில் உள்ள அந்த ஓட்டையை அடைக்க ஓர் ஏற்பாடு. முந்நூறு வருடம் ஆகப்போகிறது, ஓட்டை அதேதான்.

கடிதம் வந்த அன்று நான் செய்த முதல் வேலை, வெளியே கொடுத்து வைத்திருந்த செக்குகளின் பட்டியல் எடுத்தது. மற்ற எதையும்விட இது அவசரம். பேப்பர் மில் ஏஜெண்டிடம் தேதி போட்ட செக்குகள் இருந்தன. மெஷின் கடன் தவணையும் வேன் தவணையும் நாச் வழியாகத் தானாகப் போகிறவை. 60 லட்சம் லிமிட்டை நம்பிக் கொடுத்த செக், 42 லட்சம் லிமிட்டில் திரும்பும். அப்போது வங்கி தரும் மெமோவில் பணம் போதவில்லை என்று இருக்காது, 'எக்ஸீட்ஸ் அரேஞ்ச்மென்ட்' என்று இருக்கும். ஏற்பாட்டை மீறியது என்பதால் குற்றம் குறைந்துவிடாது. செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: கணக்கில் பணம் போதாமல் திரும்பினாலும், வங்கியோடு செய்துகொண்ட ஏற்பாட்டுத் தொகையை மீறித் திரும்பினாலும் ஒன்றுதான். செக் வாங்கியவர் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம், நோட்டீஸ் நம் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நாச் திரும்பினால் அதற்கும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இதே மாதிரிப் பிரிவு இருக்கிறது. லிமிட்டை வங்கி குறைத்தது, நான் குறைக்கவில்லை என்பதெல்லாம் செக் வாங்கியவருக்குத் தேவையில்லாத கதை.

அதனால் ஏஜெண்டுக்கு நானே போன் செய்தேன். செக் திரும்பிய பிறகு பேசுவதற்கும் திரும்பும் முன் பேசுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிக்கா, செக்கைப் போடல. ஆனா பழசு முடியற வரைக்கும் அடுத்த லோடுக்குப் பணம் முன்னாடியே வேணும்," என்றார். கடுமையான பேச்சுதான். ஆனால் நேர்மையானது. மில்லிடம் அவரும் பதில் சொல்ல வேண்டுமே. கையில் இருந்த செக்குகளைத் தள்ளித் தேதி போட்டு மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்து, மாதத்தின் தேதிகள். சம்பளம் சனிக்கிழமை, பிஎஃப் இஎஸ்ஐ 15, ஜிஎஸ்டி 20, மெஷின் தவணை 5. லிமிட் குறையும்போது மொத்தம் எவ்வளவு என்பதைவிட எந்தத் தேதியில் எவ்வளவு என்பதுதான் ஆளைக் கொல்லும். எதைத் தள்ளலாம் என்று பார்க்கும்போது எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது ஜிஎஸ்டி, ஏனென்றால் அரசாங்கம் போன் செய்து திட்டாது. நான் அதைத் தொடவில்லை. தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்பது ஒரு காரணம், எங்கள் ஓடி வட்டியே பத்தரைதான். அதைவிடப் பெரிய காரணம் ஒரு சங்கிலி. ஒரு மாதத்து 3பி, அதாவது வரி கட்டும் ரிட்டர்ன், தாக்கல் ஆகாவிட்டால் அடுத்த மாதம் விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. அது போடாவிட்டால் என் பில் வாடிக்கையாளரின் 2பி-யில், அதாவது அவர் வாங்கிய பில்களின் பட்டியலில், தெரியாது. தெரியாவிட்டால் அவருக்கு வரிக் கழிவு இல்லை, "பில் எங்க போர்ட்டல்ல வரலையே" என்று எனக்கு வரவேண்டிய பணத்தை நிறுத்திவிடுவார். பணம் இல்லாத நேரத்தில் வரவேண்டிய பணத்துக்கு நானே பூட்டுப் போட்ட கதையாகிவிடும். நான் தள்ளிப்போட்டது பிரிண்டிங் மெஷின் ஓவர்ஹாலையும் கூரை ஷீட் மாற்றுவதையும். தம்பிக்குக் கோபம், ஷாப் ஃப்ளோர் அவன் பொறுப்பு. மழை வருவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன, தப்பித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லிமிட் என்று ஒன்று இருக்கிறது, டிராயிங் பவர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டில் எது குறைவோ அதுவரைதான் எடுக்கலாம். டிராயிங் பவர், சுருக்கமாக டிபி, சரக்கும் வரவேண்டிய பாக்கியும் எவ்வளவு என்று மாதாமாதம் நாம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டிலிருந்து வருகிறது. அந்த மாதத்து எங்கள் கணக்கு இப்படி இருந்தது.

சரக்கு 38 லட்சம். அதில் இன்னும் பணம் கொடுக்காத பேப்பர் 8 லட்சம், அதைக் கழித்தால் 30. அதில் வங்கி தன் பாதுகாப்புக்குக் கழிக்கும் மார்ஜின் 25 சதவீதம் போனால் 22.5 லட்சம். வரவேண்டிய பாக்கி 58 லட்சம். இதில் 90 நாளைத் தாண்டியது 18 லட்சம், எங்கள் வங்கி அதை மதிப்பதே இல்லை, பூஜ்யம். மீதி 40-ல் 25 சதவீதம் மார்ஜின் போனால் 30 லட்சம். ஆக டிபி 52.5 லட்சம்.

எனக்கு அன்று தூக்கம் போனது 42-ஐப் பார்த்து அல்ல, அந்த 18-ஐப் பார்த்து. வங்கி குறைத்தது 18 லட்சம். எங்கள் பெட்டியை வாங்கி, சரக்கை அதில் அடைத்து, விற்று, காசாக்கிவிட்டு 90 நாளுக்கு மேல் பணம் தராமல் இரண்டு கம்பெனிகள் வைத்திருந்தது 18 லட்சம். இரண்டு எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் அப்படி அமைந்ததால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது: அந்த ஓடிக்கு வட்டி கட்டியது நான், அதில் தொழில் நடத்தியது அவர்கள். பத்தரை சதவீதத்தில் 18 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1,89,000 ரூபாய். எங்களைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனிக்கு நாங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தோம், அதற்கு என் அம்மாவின் வீட்டுப் பத்திரம் ஈடு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆடிட்டரே இதை மெதுவாகத்தான் ஒத்துக்கொண்டார். 9 லட்சத்தை அடைக்க எந்தப் பாக்கியை வசூலித்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். ஒன்றல்ல. ஒழுங்காகப் பணம் தருகிற புதுப் பாக்கியில் 9 லட்சத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கினால், பாக்கி குறைகிற அதே நேரத்தில் டிபியும் 6.75 லட்சம் குறைந்து 45.75-க்கு வந்துவிடும். அடுத்த மாதம் சரக்கு கொஞ்சம் குறைந்தால் போதும், டிபி 42-க்குக் கீழே போய்விடும், பிரச்சினை வேறு பெயரில் திரும்பி வரும். 90 நாள் தாண்டிய பாக்கியை வசூலித்தால் டிபி ஒரு ரூபாய்கூடக் குறையாது, அதற்கு ஏற்கெனவே மதிப்பே இல்லை. ஆனால் நல்ல வாடிக்கையாளரிடம் கேட்பது சுலபம், பழைய பாக்கிக்காரரிடம் கேட்பது கஷ்டம் என்பதால் நாம் எல்லாரும் தலைகீழாகத்தான் செய்வோம்.

கோடவுனிலும் இதே கதை இருந்தது. போய்விட்ட அந்த வாடிக்கையாளருக்காக வாங்கிய கிராஃப்ட் பேப்பர் ரீல்கள், 140 ஜிஎஸ்எம், அவருடைய பெட்டிக்கு மட்டுமே சரிப்படும் டெக்கிள் அளவு, அதாவது ரீலின் அகலம். எங்கள் மற்ற வேலைக்கு அதை ஓட்டினால் பக்கத்தில் வெட்டுக் கழிவே ஏகப்பட்டது போகும். புத்தகத்தில் 5 லட்சம். ஸ்டாக் ஆடிட்டில் நகராத சரக்கு என்று குறித்தால் அதுவும் பூஜ்யம். இன்னொரு பெட்டிக்காரரிடம் கேட்டேன், 3.5 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒன்றரை லட்சம் நஷ்டம் என்று தம்பி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஈரம் ஏறி ரீல் கெட்டால் ஐந்தும் போயிருக்கும் என்பது என் வாதம். இன்னும் தீர்ப்பு வரவில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். "பழைய லிமிட்டே கொடுங்க" என்று கேட்கவில்லை. அது அவர் கையில் இல்லை. நான் கேட்டது படிப்படியாக இறங்கும் வழி: உடனே 42 இல்லாமல் இப்போதைக்கு 51, பிறகு மாதம் 3 லட்சமாக 48, 45, 42. "அதுக்கென்ன மேடம், கொஞ்ச நாள் நான் பாத்துக்கறேன், பாஸ் பண்ணி விடறேன்," என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் இங்கேதான் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். வாய்வார்த்தை அனுமதியில் சிஸ்டத்தில் லிமிட் 42 என்றே நிற்கும், அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நாளும் எண்ணப்படும். லிமிட்டையோ டிபியையோ மீறிய பாக்கி 30 நாளைத் தாண்டினால் எஸ்எம்ஏ-1 என்ற எச்சரிக்கை வகை, 60-ஐத் தாண்டினால் எஸ்எம்ஏ-2, தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு 'அவுட் ஆஃப் ஆர்டர்', அதாவது வாராக்கடன். மேனேஜர் மாற்றலாகிப் போனாலும் அந்த எண்ணிக்கை போகாது. எழுத்தில் தற்காலிக ('அட்ஹாக்') லிமிட்டாக அனுமதி வந்தால் மீறலே கிடையாது. "பாத்துக்கறேன்" என்பதற்கும் 'அட்ஹாக்' என்பதற்கும் இடையில் என் கிரெடிட் ரிப்போர்ட் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்திலேயே கேட்டேன். மண்டல அலுவலகம் போய் வந்தது. கிடைத்தது. ஆனால் அட்ஹாக்கும் காலவரையின்றி ஓடாது. 180 நாளுக்குள் அதை மறு ஆய்வு செய்யாமல் விட்டாலும் கணக்கு வாராக்கடன் பக்கம் போகும். ஸ்டாக் ஸ்டேட்மெண்டையும் நேரத்தில் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மெண்டை வைத்துப் போட்ட டிபி முறைகேடாகவே கருதப்படும்.

அதிகப்படித் தொகையைத் தனியாக எடுத்து மாதத் தவணைக் கடனாக மாற்றித் தருவதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், சிலருக்கு அதுதான் சரியான வழி. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி: இதை நீங்கள் 'ரீஸ்ட்ரக்சரிங்' என்று பதிவு செய்வீர்களா? நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்குச் சலுகையாகச் செய்த மாற்றம் என்று பதிவானால் ஒழுங்காக இருக்கும் கணக்கும் தரம் இறங்கிவிடும்.

இனி அந்த 18 லட்சம். 11 லட்சம் ஒரு மின்விசிறி கம்பெனி, 7 லட்சம் ஓர் ஏற்றுமதியாளர்.

மின்விசிறி கம்பெனியில் பர்ச்சேஸ் ஆள் போனை எடுத்தாலே, "அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க மேடம்" என்பார். அக்கவுண்ட்ஸில் கேட்டால், "பர்ச்சேஸ் அப்ரூவ் பண்ணல." போனில் கேட்பதை நிறுத்திவிட்டு நேரில் போனேன், எல்லா பில்லின் நகலும் டெலிவரி சலானும் கையில். உட்கார்ந்து பார்த்தால் அதில் பாதிக்கு மேல் பணம் தர மனமில்லாமல் நிற்கவில்லை. ஜிஆர்என், அதாவது சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு, போடாமல் நின்றது. சரக்கை இறக்கிய ஸ்டோர்ஸ் ஆள் இரண்டு லோடுக்கு வரவே பதிவு செய்யவில்லை, இன்னொன்றில் பெட்டி எண்ணிக்கை பி.ஓ-வோடு (பர்ச்சேஸ் ஆர்டர்) ஒத்துப்போகவில்லை. ஸ்டோர்ஸில் ஒரு பையன், "இதுக்கா மேடம் இவ்வளவு நாள் அலையறீங்க?" என்று உடனே போட்டுக் கொடுத்தான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அடுத்த பேமெண்ட் ரன்னில் 6 லட்சம் வந்தது. மீதி 5, விலை உயர்வு வித்தியாசம் பற்றிய தகராறு, அது வேறு கதை.

ஏற்றுமதியாளரிடம் காகிதம் எதுவும் குறையவில்லை, மனம்தான் குறைந்தது. அவருக்கு மார்ச் முதல் வாரம் ஒரு கடிதம். எங்கள் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணைப் போட்டு, 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் 15-ஆம் பிரிவின்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும், 16-ஆம் பிரிவின்படி தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று இரண்டு வரி. இந்த இரண்டு வரியை அவர் முன்பும் பார்த்திருப்பார், யாரும் பயப்படுவதில்லை. பயந்தது மூன்றாவது வரிக்கு: 43பி(எச்). 2023 நிதிச் சட்டம் அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த பிரிவு. மைக்ரோ, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31-ஐத் தாண்டி வைத்திருக்கும் தொகையை, பணம் கொடுக்கும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது. அதாவது என் 7 லட்சம் அவருடைய லாபமாகக் கணக்காகும், அதற்கு வரி. கடிதத்தின் நகலை அவருடைய ஆடிட்டருக்கும் அனுப்பினேன். அவரிடமிருந்து எனக்குப் போன் வரவில்லை, ஆடிட்டரிடமிருந்து அவருக்குப் போயிருக்கும். மார்ச் முடிவதற்குள் 4 லட்சம் வந்தது. இந்தப் பிரிவு தயாரிப்பாளருக்கும் சேவை தருபவருக்கும்தான், வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பணம் தராதவர்கள் மேல் புகார் செய்ய அரசு வைத்திருந்த சமாதான் போர்ட்டலில் போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். போட்டிருக்கலாம், சட்டம் நம் பக்கம்தான். நான் போடவில்லை. போட்ட மறுநாள் அந்த ஆர்டர் போய்விடும், விற்பனை இன்னும் இறங்கும், லிமிட்டும். இனி அவரோடு வியாபாரமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு அது நல்ல வழி.

ட்ரெட்ஸ், அதாவது நம் பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் ஏற்பாடு, பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. நம் பில்லை வாங்கியவர் ஆன்லைனில் ஒத்துக்கொண்டால், வங்கிகள் அதன் மேல் ஏலம் கேட்டு நமக்கு உடனே பணம் தரும், கெடு தேதியில் வாங்கியவர் வங்கிக்குக் கட்டுவார். அவர் கட்டாவிட்டால் நம்மைத் துரத்த மாட்டார்கள், இதுதான் சாதாரண பில் டிஸ்கவுண்டிங்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். ஆர்எக்ஸ்ஐஎல், இன்வாய்ஸ்மார்ட், எம்1எக்ஸ்சேஞ்ச் என்று தளங்கள் இருக்கின்றன. ஆண்டு விற்பனை 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மின்விசிறி கம்பெனி சேர்ந்துவிட்டது. ஆனால் சேர்வது வேறு, பில்லை ஒத்துக்கொள்வது வேறு. அவர்களுடைய ஃபைனான்ஸ் தலைவரிடம் பேசிப் பேசித்தான் புது பில்கள் சிலவற்றை அதில் ஏற்ற முடிந்தது. அப்படி ஏற்றிய பில்லை ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் பாக்கியாகக் காட்டக் கூடாது. ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் எடுத்ததாகிவிடும். வங்கியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள், அந்தப் பாக்கி அவர்களுக்கு ஈடாக இருப்பது.

இவ்வளவு வந்தும் கணக்கு நேராக இறங்கவில்லை. வந்ததில் ஒரு பகுதி சம்பளத்துக்குப் போனது, ஒரு பகுதி ஏஜெண்டின் முன்பணத்துக்கு. ஏப்ரல் இறுதியில் 42-க்குள் வந்தோம், மே மாதம் முதல் வாரத்தில் மூச்சு விட்டேன்.

இடையில் வந்த யோசனைகள் பல. பக்கத்து யூனிட் நண்பர் ஒருவர் நல்ல எண்ணத்தில் சொன்னது: "வசூலை வேற பேங்க் கணக்குல போடுங்க, இங்க போட்டா முழுங்கிடுவாங்க." கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கில் வரவு குறைந்தால் அடுத்த புதுப்பித்தலில் அதையே காரணம் காட்டுவார்கள். 90 நாளில் வந்த வரவு, போட்ட வட்டிக்கே போதாவிட்டால் அதுவும் 'அவுட் ஆஃப் ஆர்டர்'தான். இன்னொருவர், "ஸ்டாக்கைக் கொஞ்சம் ஏத்திக் காட்டுங்க, யார் எண்ணறாங்க?" எண்ணுவார்கள். எண்ணாவிட்டாலும் அது பொய்க் கணக்கு, ஈடு வீட்டுப் பத்திரம் என்பதை மறக்கக் கூடாது. போனில் தினமும் வரும் அடமானமில்லா பிசினஸ் லோன் அழைப்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் லாப சதவீதத்தில் அந்த வட்டியைக் கட்ட முடியாது என்பது ஒரு நிமிடக் கணக்கு. அவசரத்துக்கு நான் தொட்டது ஒரே ஒன்று: ஃபிக்சட் டெபாசிட்டின் மேல் ஓடி. பொதுவாக டெபாசிட்டில் 90 சதவீதம் வரை தருவார்கள், டெபாசிட் வட்டியைவிட ஓரிரு சதவீதம்தான் கூடுதல், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. டெபாசிட்டை உடைப்பதைவிட மேல்.

வங்கி மேல் புகார் செய்யலாமா? ரிசர்வ் வங்கி 2003-ல் கொண்டுவந்த நியாய நடைமுறை விதிகளின்படி நிபந்தனைகளில் மாற்றம் வந்தால் அறிவிப்புத் தர வேண்டும், வட்டியையும் கட்டணத்தையும் பின்தேதியிட்டு மாற்றக் கூடாது. அறிவிக்கவே இல்லை, தவறான கட்டணம் போட்டார்கள் என்றால் முதலில் வங்கிக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர். ஆனால் எவ்வளவு லிமிட் தருவது என்பது வங்கியின் வணிக முடிவு, அதை ஆம்புட்ஸ்மன் தொட மாட்டார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரே ஒரு விஷயத்துக்கு எழுதினேன்: மீறல் இருந்த நாட்களுக்கு 'பீனல் இன்டரஸ்ட்' என்று ஸ்டேட்மெண்டில் ஒரு வரி இருந்தது. 2023 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கைப்படி அபராத வட்டி என்று வட்டி விகிதத்தோடு சேர்த்துப் போடவே கூடாது, அபராதக் கட்டணமாகத் தனியாகத்தான் போடலாம், அதற்கு மேல் வட்டி ஏறக் கூடாது. திருப்பிப் போட்டார்கள். சின்னத் தொகைதான்.

தொழில் இல்லாமல் சம்பளக் கணக்கில் ஓடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: சாங்ஷன் லெட்டரில் 'டிராப்லைன்' என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் லிமிட் மாதாமாதம் தானாகக் குறைந்துகொண்டே போகும், யாரும் குறைக்க வேண்டியதில்லை.

இப்போது இன்னொரு வங்கி, கணக்கை மாற்றிக்கொண்டு வந்தால் 60 தருகிறோம் என்கிறது. மார்க்கெட்டிங் பையன் வாரம் தவறாமல் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறான். ப்ராசஸிங் ஃபீஸ், வழக்கறிஞர் கருத்து, இட மதிப்பீடு, பத்திரத்தை அங்கிருந்து வாங்கி இங்கே வைக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டிருக்கிறேன். தம்பி மாறலாம் என்கிறான். எனக்கு, விற்பனை 2 கோடி 10-லேயே இருக்கும்போது 60 யார் தந்தாலும் அடுத்த வருடம் அதே சூத்திரத்தைத் தானே எடுப்பார்கள் என்ற சந்தேகம். ஆடிட்டர் இந்த முறை ஜூலையிலேயே பேலன்ஸ் ஷீட்டை முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வரட்டும், பிறகு பேசலாம் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.